கூடையில் விழித்து நின்ற சேவல்

அருள்,

உன் கடிதத்தை உன் அப்பா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இங்கே எல்லோரும் சௌக்கியம்தான். அவருக்கு முட்டி வலி, எனக்கு வாய்; இரண்டும் இந்த வயதில் குறையாது. கல்யாணம் முடிந்ததும் கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் நம் சீமைக்கோழியில் ஆறேழு கொண்டுபோய் வளர்க்கப் போகிறாய் என்றும், லூர்து மேரிக்குப் பொழுது போகும் என்றும், கோழிவீடு எப்படிக் கட்டுவது என்று விவரமாக எழுது என்றும் கேட்டிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி: "போன சேவல் செத்ததுக்கு வருத்தப்படாதேம்மா, வரும்போது அதே சந்தையில் இன்னொன்று வாங்கி வருகிறேன்." அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோழிவீட்டைப் பற்றியும் சொல்கிறேன், அந்தச் சேவலைப் பற்றியும் சொல்கிறேன். நடுவில் மடித்துப் பையில் வைக்காமல் கடைசிவரை படி.

முதலில், இதை நாட்டுக்கோழி என்று நினைத்துக் கட்டாதே. நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன வருஷம் யூனியன் ஆபீஸில் சிவப்புக் குஞ்சுகள் கொடுத்தார்கள் அல்லவா, அவை வளர்ந்து நின்றபோது ஊரே வந்து பார்த்தது. பெட்டை மூன்று கிலோ, சேவல் நாலு கிலோ. நடந்து வந்தால் தாசில்தார் வருகிற மாதிரி இருக்கும். உன் அப்பாவோ தனக்குத் தெரிந்த கோழிகளுக்குச் செய்ததையே இவற்றுக்கும் செய்தார். கீரிக்குப் பயந்து ஆள் உயரத்தில் பரண் கட்டி, ஏணி சாத்தி, சாயங்காலம் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார். ஏறிவிடும். காலையில் இறங்கும்போதுதான் ஏணி ஞாபகம் வராது, குதிக்கும். நாட்டுக்கோழி இரண்டு தரம் சிறகடித்து அலுங்காமல் இறங்கிவிடும். இவை தேங்காய் விழுகிற மாதிரி தொப்பென்று விழும். கொஞ்ச நாளில் பாதிக் கோழிகளுக்கு உள்ளங்காலில் கட்டி வந்து நொண்ட ஆரம்பித்தன. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவர் கொட்டகையில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர் வீட்டில் செருப்பு! நான் சிரித்த சிரிப்பில் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பார்த்து, கண்ணுமில்லை மூக்குமில்லை, உயரத்தைக் குறையுங்கள் என்று சொன்ன பிறகு கால்கள் ஆறின. ஆகவே உன் வீட்டில் கோழி உட்காரும் சட்டம் முழங்காலுக்குக் கீழேயே இருக்கட்டும். உருண்டைக் கம்பு வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பலகையாகப் போடு. கதவையும் அகலமாக வை, இடித்துக்கொண்டு வந்தால் முட்டை உள்ளேயே உடையும்.

தரையில் சிமெண்டு போடுகிறேன் என்று பெருமைக்குச் செலவு செய்யாதே. கடலைத் தோல் கனமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடு. ஈரமானால் உடனே அள்ளிக் கொட்டு. நீ உள்ளே குனிந்தால் உன் கண் எரிகிறதா என்று பார், எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. மார்கழிக் குளிருக்கு வடக்குப் பக்கம் சாக்குப் படுதா போதும், பனியைக் கோழி தாங்கும். வெயிலைத்தான் தாங்காது, கனத்த உடம்பு, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நிழலும் தண்ணீரும் குறையக் கூடாது. பாசத்தில் ராகியை அள்ளிப் போடாதே. உன் அப்பா போட்டார். கோழிகள் மினுமினுவென்று கொழுத்தன, முட்டை நின்றுவிட்டது. ராகி அளவோடு, கொஞ்சம் பிண்ணாக்கு, முருங்கைக்கீரை, பகலில் மண்ணைக் கிளறி நடக்க இடம். குஞ்சாக இருக்கும்போதே வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டுவிடு. இன்னும் ஒன்று உண்டு. வெளியிலிருந்து எந்தப் பறவை வந்தாலும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், சில வாரம் தனியாக, வேறு தண்ணீர், வேறு தீனி, நம் கோழிகளின் மூச்சுப் படாத தூரத்தில் வை. கம்பவுண்டர் இதைப் படித்துப் படித்துச் சொன்னார். நானும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தவள்தான் செய்யாமல் விட்டேன்.

சீமைக்கோழி சரியாக அடை உட்காராது, உட்கார்ந்தாலும் தன் கனத்திலேயே முட்டையை நசுக்கிவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவோடு எனக்குப் பங்கு. நீ கன்னடம் படித்ததே அவள் மடியில், அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய நாட்டுக்கோழி அடைக்கு வந்தால் தூக்கிக்கொண்டு வந்து நம் கொட்டகை மூலையில் வைப்பாள். நம் முட்டைகளை அது அடைகாக்கும். குஞ்சு தாயின் பின்னால் ஓட ஆரம்பித்ததும் தாய்க்கோழியும் பாதிக் குஞ்சுகளும் அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதம் செய்யக் கூடாது. அடுத்தவள் அடைக்கோழியை வைத்துக்கொண்டாள் என்ற பேச்சு இந்தப் பக்கம் பொல்லாத பேச்சு. அதற்காக அக்காள் தங்கைகளே பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கும் அவளுக்கும் இந்தப் பங்கில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

சித்திரையில் உன் நிச்சயத்துக்கு முதல் நாள் நீ பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்தாய். என் மகன் கிருஷ்ணகிரியில் பெண் எடுக்கப் போகிறான், கையில் ராஜா மாதிரி ஒரு சேவல். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "கூடையில மத்ததெல்லாம் தூங்கிட்டுக் கெடந்துச்சும்மா. இது ஒண்ணுதான் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, அதான் தூக்கிட்டு வந்துட்டேன்." பட்டப்பகலில் ஒரு கூடைக் கோழி ஏன் தூங்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தனியாக வைக்கலாமா என்று உன் அப்பாதான் கேட்டார். "நல்ல காரியத்துக்கு வந்ததை வாசலோட நிறுத்தி வைப்பாங்களா? சகுனத் தடையாட்டம்" என்று நானே கதவைத் திறந்து உள்ளே விட்டேன். செருப்பைப் பார்த்துச் சிரித்தவள் சொன்னது இது. கொட்டகை மூலையில் அப்போது கெம்பம்மாவின் கோழி குஞ்சுகளோடு இருந்தது.

நிச்சயம் முடிந்து நீ ஊருக்குப் போன பிறகு சேவல் மந்தமானது. எச்சம் பச்சையாகப் போனது. பஸ்ஸில் வந்த அலுப்பு என்று மிளகும் பூண்டும் அரைத்து ஊட்டினேன். அதே வாரம்தான் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்தது. கொஞ்சம் பொறுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கெம்பம்மா கேட்டால் என்ன சொல்வது, பங்கை வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவாளே என்று, சொன்ன நாளில், தாயையும் குஞ்சுகளையும் நானே கூடையில் அடைத்து எடுத்துக்கொண்டு போய் அவள் முற்றத்தில் திறந்துவிட்டேன். நாணயம் தவறக் கூடாது என்றுதான் போனேன். வியாதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு நடந்ததை உனக்கு நாங்கள் எழுதவில்லை. ஷிஃப்ட் மாறி நீ வர முடியாமல் இருந்தாய், கல்யாண நேரத்தில் எதற்கு என்று அப்பா தடுத்துவிட்டார். உன் சேவல் செத்தது, அதை மட்டும் எழுதினோம். இன்னும் ஊசி போடாத நம் பங்குக் குஞ்சுகளும் செத்தன. பெரிய கோழிகளில் இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன, மற்றவை ஊசி போட்டிருந்ததால் பிழைத்துக்கொண்டன. கெம்பம்மா வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊசி போட்டால் முட்டை நின்றுவிடும் என்று அவள் கம்பவுண்டரை உள்ளேயே விட்டதில்லை. தாய்க்கோழி முதலில் போனது, பிறகு குஞ்சுகள், பிறகு முற்றம் முழுக்க. பண்டிகைக்கு மாரியம்மனுக்கு என்று நேர்ந்துவிட்டிருந்த சேவலும் செத்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டை யாரும் சந்தேகப்படவில்லை. நம் கோழிகள்தான் உயிரோடு திரிகின்றனவே! "சீமைக்கோழியே பொழைச்சுக்கிச்சு, நாட்டுக்கோழி போவுதுன்னா வேற என்னமோ இருக்குது" என்று தெருவில் பேசினார்கள். அந்த வேறு என்னமோ யார் தலையில் விழும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மாசியில் ஜவளகிரியிலிருந்து மாதேஷுக்குக் கட்டிக்கொண்டு வந்தார்களே அந்தப் பெண் ரத்னா, கெம்பம்மாவின் மருமகள், அவள் தலையில் விழுந்தது. வந்ததும் கோழிகளை அவளிடம்தான் ஒப்படைத்திருந்தாள் மாமியார். வீட்டுக்குள் கால் வைத்து மூன்று மாதம் ஆகவில்லை, வீட்டில் கூவ ஒரு கோழி இல்லை, அம்மன் சேவலே போய்விட்டது என்றால் அது அவள் கால்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுல இரு" என்று துணிமூட்டையோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். உன் சிநேகிதன் மாதேஷ்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வாரம் வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன் அப்பாவிடம் பக்கத்தில் தளி ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜவளகிரிக்குப் போனேன். ரத்னா வீட்டு முன்னால் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "டீச்சரம்மா, கோழிங்க நல்லாதான் இருந்துதுங்க. நீங்க கொண்டாந்து வுட்ட குஞ்சுங்களுக்கு நான்தான் ராகி நுணுக்கிப் போட்டேன். தெனமும் எண்ணித்தான் அடைப்பேன். எப்படிப் போச்சுன்னே தெரியலிங்க" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "என் காலு அப்படித்தான் போல இருக்குதுங்க. எங்கம்மாவும் அதான் சொல்லுது" என்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும் அவளுக்கு. உன் காலுக்கு ஒன்றும் இல்லை, அது என் கூடையில் வந்த வியாதி என்று சொன்னேன். பெரியவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாளே தவிர, நம்பவில்லை. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தன் கை பட்டதைக் குடிப்பேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கெம்பம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சேவல் வந்தது, மந்தமானது, தெரிந்தும் நான் கோழியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது, எல்லாம். கத்துவாள், கையை ஓங்குவாள் என்றுகூட நினைத்திருந்தேன். அவள் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். "நீ எரக்கப்பட்டுப் பேசற டீச்சரக்கா. அந்தப் புள்ளய உனக்குப் புடிக்கும்" என்றாள். இல்லை, சத்தியம், சந்தையிலேயே மற்ற கோழிகள் சீக்கில் கிடந்ததை அருளே சொன்னான் என்றேன். அவள் யோசித்தாள். யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சரிக்கா, உன் பையன் கொண்டாந்ததுதான்னே வெச்சுக்குவோம். எப்போ கொண்டாந்தான்? நிச்சயத்துக்கு மொத நாளு. அப்போ அது எவ காலு? நான் சொல்லலக்கா, நாளு சொல்லுது." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சொன்னாள்: "பேடக்கா, பேடா. வேண்டாம். இதை வெளியில எங்கயும் சொல்லாத. உன் வூட்டுக்கு வரப்போற பொண்ணு பேரு கெட்டுப்போவும். எங்க வூட்டோட போவட்டும், விடு."

அவள் கெட்டவள் இல்லை, அருள். என் மருமகளைக் காப்பாற்றுவதற்காகத் தன் மருமகளை விட்டுக்கொடுக்கிறாள், இருபது வருஷப் பழக்கத்துக்காக. அதில்தான் எனக்குப் பயமே. அந்த நிமிஷம் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? "நல்லவேளை" என்று சொன்னது. லூர்து மேரியின் பேர் தப்பியது என்று. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவு சொல்லிக் கொடுத்தவள், கெம்பம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்த "நல்லவேளை"யோடு அடுப்படியில் புழங்கினேன். ரத்னா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தவள் நான் என்பது மறக்கவில்லை. உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நம்ம பொண்ணா இருந்தா?" நமக்குப் பெண் இல்லை. ஆனாலும் கேட்டார்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சேவல் வாங்காதே. நம் கோழிகளையும் இப்போதைக்குக் கேட்காதே, பிழைத்தவை வியாதியைக் கடத்தலாம் என்று கம்பவுண்டர் சொல்கிறார். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துக் காலியாகப் போட்டு வைத்துவிட்டுத்தான் புதுக்குஞ்சு. இந்தச் சனிக்கிழமை லீவு கேட்டு வெறுங்கையோடு வா. கூடையில் என்ன பார்த்தாய் என்பதைக் கெம்பம்மாவிடம் உன் வாயால் சொல். நான் சொன்னால் இரக்கம், நீ சொன்னால் சாட்சி. அவள் மறுபடியும் நாள் கணக்கைச் சொல்வாள், சொல்லட்டும். கோபப்படாதே, கேட்டுக்கொண்டு நில், ஆனால் எழுந்து வந்துவிடாதே. பிறகு மாதேஷைக் கூட்டிக்கொண்டு ஜவளகிரிக்குப் போ. அவன் தயங்கினால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போ, சின்ன வயசில் எத்தனை தரம் தள்ளியிருக்கிறாய்.

புருஷனாகப் போகிறாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் நாளைக்கு மாடு சாகும், மழை பொய்க்கும், உனக்கு வேலை போகும், எனக்கே பக்கவாதம் வரும். லூர்து மேரி வந்த நேரம் என்று யாராவது சொல்வார்கள். அந்த யாராவது நானாகவே இருக்கலாம். எனக்குள்ளே என்ன கிடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் என்னை நம்பி இருக்காதே. அன்றைக்கு நீ மாதேஷ் மாதிரி மூட்டை தூக்கிக்கொண்டு போகாதே. அம்மாவாயிற்றே என்று பார்க்காமல் என் வாயை மூடு.

லூர்து மேரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஊர் அவளைப் பற்றி என்ன பேசக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு அவள் வரட்டும். வர மாட்டேன் என்றால் அதுவும் அவள் உரிமை. கோவிலில் உங்கள் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்கிறார், எல்லோரும் சும்மா இருக்கிறார்கள், நானும் சும்மா இருந்தேன். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குள் ரத்னா தன் புருஷன் வீட்டு வாசலில் நிற்கவில்லை என்றால், நான் எழுந்து நின்று தடை இருக்கிறது என்று சொல்வேன்.

அம்மா